மிஸ் பெல்வில்லின் கடிகாரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் மகன் வந்திருந்தான். காபியைக் குடித்துவிட்டு இடது கையை என் முன்னால் நீட்டினான். ரேகை பார்க்கச் சொல்கிறானோ என்று ஒரு கணம் பயந்து போனேன். நல்ல வேளை, அவன் காட்டியது மணிக்கட்டில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சை.

"சித்தப்பா, இதை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் காலை வரை தாங்கும். இப்போது விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கண்ணை மூடிவிடுகிறது. புது மாடல் வந்திருக்கிறது. மாற்றிவிடலாமா? பொதுவாக இந்த மாதிரி வாட்சை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?"

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். ஆனால் பிள்ளையாண்டான் அதை ஆடம்பரத்துக்காகக் கட்டிக்கொள்ளவில்லை. என் அண்ணன் மாரடைப்பில் போனார். அன்றிலிருந்து இவன் தன் நாடித் துடிப்பின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறான். அந்தக் கண்தான் இப்போது சாயங்காலமானால் மூடிக்கொள்கிறது.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் என் மனம் லண்டன் தெருக்களில் ஓர் அம்மாளின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் பெயர் ரூத் பெல்வில். ஒரே ஒரு கடிகாரத்தை 104 வருஷம் மாற்றாமல் வைத்துக்கொண்டு பிழைத்த குடும்பம் அவளுடையது. பிழைத்தது என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடியதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஜான் ஆர்னால்டு என்ற கடிகார நிபுணர் இருந்தார். கப்பல்களுக்கான நுட்பமான கடிகாரங்களைச் செய்வதில் பெயர் பெற்றவர். 1794 வாக்கில் அவருடைய பட்டறையில் ஒரு பைக் கடிகாரம் உருவாயிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குமாரர்களில் ஒருவரான ஸஸெக்ஸ் பிரபுவுக்கென்று செய்தது என்றும், 'இத்தனை பெரிசா!' என்று அவர் முகத்தைச் சுளித்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

ராஜகுமாரன் வேண்டாமென்ற கடிகாரம், கடைசியில் கிரீனிச் வானாராய்ச்சிசாலையில் உத்தியோகம் பார்த்த ஜான் ஹென்றி பெல்வில் என்பவருடைய சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. அதற்குத் தங்கத்தில் உறை. அதோடு லண்டன் சந்துகளில் நடமாடினால் திருடர்கள் சும்மா விடுவார்களா? பெல்வில் முன்யோசனைக்காரர். தங்க உறையைக் கழற்றிவிட்டு வெள்ளி உறை போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த இயந்திரத்தைத் தொடவில்லை.

அந்தக் காலத்தில் சரியான மணி என்பது எல்லோருக்கும் கிடைக்கும் சரக்கல்ல. கிரீனிச்சில் வானசாஸ்திரிகள் இரவெல்லாம் விழித்திருந்து, நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் கணத்தைக் குறித்து மணியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மணி கப்பல்காரர்களுக்கு உயிர். நடுக்கடலில் தாம் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று அறிவதற்கு, கிரீனிச்சில் இப்போது என்ன மணி என்று தெரிந்தாக வேண்டும். நாலு நிமிஷம் பிசகினால் ஒரு பாகை பிசகும். நாலு விநாடி பிசகினால் பூமத்திய ரேகையில் ஒரு கடல் மைல் பிசகும். இருட்டில் பாறைக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு மைல் என்பது என்ன அற்பமா?

ஆகவே, கப்பல் கடிகாரம் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் மணி கேட்டு வானாராய்ச்சிசாலையின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். சாஸ்திரிகளுக்குத் தொந்தரவு பொறுக்கவில்லை. 1836-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெல்வில் தம் கடிகாரத்தை கிரீனிச்சில் சரிபார்த்துக்கொண்டு, வண்டியில் நகரத்துக்குப் போய், கேட்பவர்களுக்கு மணி காட்டிவிட்டு வர வேண்டியது. அதற்கு அவர்கள் வருஷ சந்தா கொடுப்பார்கள். சுமார் 200 பேர் சேர்ந்தார்கள். பால்காரர் வீடு வீடாகப் பால் ஊற்றுவதைப் போல, பெல்வில் கடை கடையாக மணி ஊற்றினார்.

1856-ல் அவர் காலமானார். கையில் சின்னப் பெண் குழந்தையோடு மனைவி மரியா தனியாக நின்றாள். கணவன் விட்டுச் சென்றதில் பெறுமானமுள்ளது அந்தக் கடிகாரம்தான். அந்த அம்மாள் அதை விற்றுவிடவில்லை. கணவன் செய்த வேலையைத் தானே செய்ய அனுமதி கேட்டாள், கிடைத்தது. 1892 வரையில், அதாவது 36 வருஷம், அந்த விதவை லண்டன் தெருக்களில் மணி சுமந்தாள். அவளுக்குத் தள்ளாமை வந்தபோது, 1854-ல் பிறந்த மகள் ரூத் அதை வாங்கிக்கொண்டாள்.

*

இங்கே வாசகர்கள் ஒரு சந்தேகம் கேட்கலாம். நூறு வருஷக் கிழட்டுக் கடிகாரம் எப்படி மணி தவறாமல் ஓடியது?

தவறாமல் ஓடவில்லை. ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வாரந்தோறும் ரூத் அம்மாள் ஊரிலிருந்து ரயிலேறி கிரீனிச்சுக்குப் போவாள். அங்கே அவளுடைய கடிகாரத்தைத் தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, 'இன்றைய தேதியில் இது இத்தனை விநாடி முந்துகிறது' அல்லது 'பிந்துகிறது' என்று ஒரு சான்றுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு அவள் புறப்படுவாள். கடையில் நுழைந்ததும், 'ஆர்னால்டு இன்றைக்கு எப்படி?' என்று விசாரிப்பார்கள். கடிகாரத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் ஆர்னால்டு. 'இன்றைக்கு நாலு விநாடி முந்தியிருக்கிறார்' என்பது போல அவள் பதில் சொல்வாள். அவர்கள் நாலு விநாடியைக் கழித்துக்கொண்டு தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

தப்பே செய்யாத கடிகாரம் உலகத்தில் கிடையாது. தன் தப்பு எவ்வளவு என்று தெரிந்த கடிகாரம் நல்ல கடிகாரம். ஆர்னால்டின் ஆயுளை நீட்டியது வாரந்தோறும் கிரீனிச்சிலிருந்து வந்த அந்தத் துண்டுச் சீட்டு.

இதற்கிடையில் உலகம் சும்மா இருந்ததா? 1833-லேயே கிரீனிச் மாடத்தில், பகல் ஒரு மணிக்கு ஒரு பெரிய பந்து கம்பத்திலிருந்து சரிந்து விழும்படி செய்தாயிற்று. தேம்ஸ் நதியிலிருந்த கப்பல்காரர்கள் அதைப் பார்த்து மணி வைத்துக்கொண்டார்கள். 1852 முதல் தந்திக் கம்பி வழியாக மணி போக ஆரம்பித்தது. 1924-ல் வானொலியில் ஆறு 'பீப்' ஒலிகள் வந்துவிட்டன. 1936-ல் தொலைபேசியை எடுத்தால் ஒரு பெண் குரல் மணி சொல்லிற்று. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புத்திசாலி, 'இன்னுமா அந்தப் பழைய கடிகாரம்?' என்று கேட்டிருப்பான்.

வாய்விட்டே கேட்ட சம்பவமும் உண்டு. 1908-ல், தந்தி மூலம் மணி விற்கும் ஒரு கம்பெனியின் டைரக்டர் லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசினார். ஒரு ஸ்திரீ கைக்கடக்கமான கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதைக் கேலி செய்தார். ஆண்பிள்ளையாக இருந்தால் வானாராய்ச்சிசாலைக்குள் விட்டிருப்பார்களா என்று நாசூக்காக ஒரு குத்தலும் வைத்தார். அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. போட்டி வியாபாரத்தில் தமக்கு இருந்த அக்கறையையும் சொல்லவில்லை! பேச்சு 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. நிருபர்கள் யார் அந்த அம்மாள் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். தன் பிழைப்பே போய்விடுமோ என்று அவள் கலங்கினாள். நடந்தது வேறு. இலவச விளம்பரம் கிடைத்து, வாடிக்கை கூடிற்று.

வாடிக்கைக்காரர்கள் அசடுகளா? கடிகார வியாபாரம் செய்து தலை நரைத்தவர்கள். தந்திக் கம்பி அறுந்தால் அன்றைக்கு மணி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கள் தொழிலுக்கு எத்தனை துல்லியம் வேண்டும் என்பதும் தெரியும். வேண்டிய அளவு துல்லியத்தை அந்த அம்மாள் வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

*

இவ்வளவு தூரம் படித்தவர்கள், 'எதையும் மாற்றவே கூடாது என்கிறான் இந்த ஆசாமி' என்று தீர்மானித்திருந்தால், அவர்களைக் கொஞ்சம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். இதே ரூத் அம்மாள் தாயாரிடமிருந்து ஆர்னால்டை வாங்கிக்கொள்வதற்கு முந்தின வருஷம் அது.

1891 ஏப்ரல் மாதம். ஒஹையோ மாகாணத்தில் கிப்டன் என்ற சிற்றூர். ஒற்றைத் தண்டவாளம். எதிரே தபால் ரயில் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. அதற்கு வழிவிட்டு, பாசஞ்சர் ரயில் கிப்டனில் ஒதுங்கி நிற்க வேண்டும். பாசஞ்சர் ரயிலை ஓட்டியவருடைய கடிகாரம் வழியில் நாலு நிமிஷம் நின்றுவிட்டு, மறுபடியும் ஒன்றும் நடக்காதது போல ஓட ஆரம்பித்தது என்பது ரயில்வே உலகத்தில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இன்னும் நேரம் இருக்கிறதென்று நினைத்து அவர் வந்தார். இரண்டு ரயில்களும் மோதின. எஞ்சின் ஓட்டிய இருவரும், தபால் வண்டியில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த குமாஸ்தாக்களும் மாண்டார்கள்.

இதன் பிறகு கிளீவ்லண்டு நகரத்து நகை வியாபாரி வெப் பால் என்பவரை அழைத்து, ரயில்வேக் கடிகாரங்களுக்கு விதிகள் வகுக்கச் சொன்னார்கள். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. குறித்த இடைவெளிகளில் பரிசோதகரிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். தேறாத கடிகாரம் வேலைக்கு உதவாது. இவைதான் அந்த ஏற்பாட்டின் சாரம்.

இந்த விதிகளை நான் யோசித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தென்பட்டது. இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை புதுக் கடிகாரம் வாங்கு என்ற பேச்சே அதில் இல்லை. இத்தனை நாளைக்கு ஒரு தடவை சோதித்துப் பார் என்பதுதான் இருந்தது. சோதனையில் தேறினால் தாத்தா காலத்துக் கடிகாரமும் ரயில் ஓட்டலாம். தேறாவிட்டால் நேற்று வாங்கியதும் கூடாது. லண்டன் கிழவியும் அமெரிக்க நகை வியாபாரியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

*

நம் ஊரிலும் இது தெரியாத சங்கதியல்ல. 1961-ல் ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும் அது கிடைத்த காலம் உண்டு. தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் காய்ந்து ஓட்டம் மந்தப்படும். கடைவீதியில் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், கழற்றித் துடைத்து, துளி எண்ணெய் விட்டுக் கொடுத்துவிடுவார். 2016-ல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடுவதென்று அரசாங்கம் முடிவு செய்தது. ஆனால் முடிவு செய்த மறுநாள் காலையில் சாவி கொடுத்தவர்களுடைய கடிகாரங்கள் வழக்கம்போல ஓடின. செய்த தொழிற்சாலை போனாலும் செய்யப்பட்ட பொருள் போகவில்லை.

நடுவிலே ஒரு புரட்சி நடந்தது. 1969 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஜப்பானில் ஸெய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். ஒரு சிறிய காரின் விலை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் குவார்ட்ஸ் கடிகாரம் நடைபாதைக்கு வந்துவிட்டது. 1970-ல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சிற்று. கெட்டுப் போனால் ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்ற எண்ணம் நம் மனத்தில் ஏறியது அப்போதுதான். அந்த எண்ணத்தோடுதான் நாம் ஸ்மார்ட் வாட்ச் கடைக்குள் நுழைந்தோம்.

ஸ்மார்ட் வாட்சின் ஆயுளோ விசித்திரமானது. 2015 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி தன் முதல் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது, பதினெட்டு காரட் தங்கத்திலும் ஒரு தினுசு செய்தது. விலை 10,000 டாலரிலிருந்து 17,000 டாலர் வரை. 2018 செப்டம்பரில் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக் கடிகாரங்களில் ஏறாது என்று ஆயிற்று. 2023-ல் தங்கத் தினுசு காலாவதிப் பட்டியலில் சேர்ந்தது. இனிமேல் கம்பெனியில் அதற்குப் பழுது பார்ப்பதும் இல்லை, பாகமும் இல்லை. தங்கம் தங்கமாகவே இருந்தது. பெல்வில் தங்க உறையைக் கழற்றி எறிந்தும் ஆர்னால்டு நூறு வருஷம் ஓடிற்று. இங்கே தங்க உறை மினுமினுக்க, உள்ளே இருந்தவர் எட்டு வருஷத்தில் ஓய்வு பெற்றுவிட்டார்.

கிரீனிச்சிலிருந்து சீட்டு வருவது நின்றுவிட்டது. வேறொன்றுமில்லை. நம் பிள்ளைகள் 'அப்டேட்' என்கிறார்களே, அது ரூத் அம்மாள் வாரந்தோறும் வாங்கிய சான்றுச் சீட்டின் பேத்திதான். அது வரும் வரையில் கடிகாரம் உலகத்தோடு ஒத்துப் போகும். நின்றுவிட்டால், நாளடைவில் கைப்பேசியோடு பேச்சுவார்த்தை முறியும். பாதுகாப்பில் ஓட்டை விழும்.

மரியா அம்மாளைப் போல விட்டுக்கொடுக்காதவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். பெப்பிள் என்றொரு ஸ்மார்ட் வாட்ச், 2012-ல் பொதுமக்களிடம் முன்பணமாக ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிப் பிறந்தது. 2016-ல் கம்பெனி மூடிவிட்டது. 2018-ல் அதற்கு உதவிய சர்வர்களும் நின்றன. ஆனால் அதைக் கட்டியிருந்தவர்களில் சிலர் ஒன்று சேர்ந்து, தாங்களே மாற்று ஏற்பாடு செய்து அதை ஓட வைத்தார்கள். 2025-ல் அதன் மென்பொருளை கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தலைவன் போன பிறகும் குடும்பம் கடிகாரத்தைக் கைவிடவில்லை.

இன்னொன்று பாட்டரி. ஆயிரம் முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவிகிதம் சக்தி மிஞ்சும்படி செய்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு முறை என்றால் ஆயிரம் முறைக்கு மூன்று வருஷம் கணக்கு. அண்ணன் மகன் மூன்றாம் வருஷத்தில் என்னிடம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பழைய கடிகாரத்தில் எண்ணெய் காய்வது எப்படியோ, அப்படித்தான் இதில் பாட்டரி தளர்வதும். எண்ணெய் காய்ந்ததென்று நம் பெரியவர்கள் யாராவது கடிகாரத்தைத் தூக்கிப் போட்டார்களா?

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாண்டான் சொன்னபடி வந்தான். கதை முழுவதையும் கேட்டான். பிறகு, "அதெல்லாம் சரி சித்தப்பா, எத்தனை வருஷம் என்று சொல்லவில்லையே?" என்றான்.

"வருஷக் கணக்கே தப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, உன் பிறந்த நாளன்று வேண்டுமானால் வைத்துக்கொள், வாட்சை மேஜைமேல் வைத்து மூன்று கேள்வி கேள். எந்த வேலைக்காக வாங்கினாயோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறதா? செய்யாவிட்டால், நியாயமான செலவில் பழுது பார்க்க முடியுமா? கம்பெனியிலிருந்து சீட்டு இன்னும் வந்துகொண்டிருக்கிறதா? மூன்றுக்கும் சாதகமான பதில் கிடைத்தால் கட்டிக்கொண்டு போ. கடைக்காரன் என்ன புது மாடல் விட்டாலும் சரி."

"கிடைக்காவிட்டால்?"

"நீ அதை நம்பி உன் நெஞ்சை ஒப்படைத்திருக்கிறாய். கிப்டன் ரயில்காரரைப் போல நின்று நின்று ஓடும் கடிகாரத்தை நம்புவது, கடிகாரமே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. அப்போது மூன்று வருஷமா மூன்று மாதமா என்று பார்க்காதே, அன்றைக்கே மாற்று. ஆனால் ஒன்று. வாட்ச் என்ன சொன்னாலும் டாக்டரிடம் போவதை நிறுத்தாதே. ஆர்னால்டுக்கே மேலே கிரீனிச் இருந்தது."

அவன் தலையை ஆட்டினான். இரண்டு நாள் கழித்து ஃபோன் பண்ணினான். பாட்டரி மாற்றிக்கொடுக்கிறார்களாம், புது வாட்சின் விலையில் சிறு பகுதிதானாம். அப்டேட் இன்னும் வருகிறதாம். ஃபோனை வைப்பதற்கு முன்னால், "அந்த அம்மாள் கடைசியில் என்ன ஆனாள், சித்தப்பா?" என்று கேட்டான்.

1940 வரையில் ரூத் அம்மாள் நடந்தாள். அப்போது வயது 86. யுத்தம் வந்து, லண்டன் தெருக்களில் நடமாடுவதே அபாயம் என்று ஆன பிறகுதான் நின்றாள். 1943 டிசம்பரில் காலமானாள். கடிகாரம் லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் நின்ற அன்றைக்கும் ஆர்னால்டு ஓடிக்கொண்டுதான் இருந்தார். வழக்கம்போலச் சில விநாடி முந்தியோ பிந்தியோ.